ஏழாம் விதி

கொட்டகை அவருடையது.
தகரக்குடை போட்ட நூறு வாட் விளக்கு,
தேக்குச் சட்டம் வைத்த போர்டு,
போரிக் பவுடர் டப்பா வரைக்கும்
அவர் காசு.
காசிமேட்டில் எங்களுக்கு
மகிமைராஜ் என்ற பேரில் பாதியே போதும்:
ராஜா.

அவர் அடித்தால் ஸ்டிரைக்கர் குழியில் விழாது.
விழுந்தாலும் விழாது.
"கை வழுக்கிச்சுபா" என்பார்,
எடுத்து மறுபடி அடிப்பார்.
ரெட்டைப் போட்டுவிட்டு
ஃபாலோ போடாமலே
மடியில் வைத்துக்கொள்வார்.
பதினெட்டு வருஷம் ஒருத்தரும் வாய் திறந்ததில்லை.
திறந்த ஐஸ் கம்பெனி ஜெயசீலன்
இப்போது கொருக்குப்பேட்டையில் ஆடுகிறான்.

மாவட்டப் போட்டிக்குப் பதிவு எண் கேட்டார்கள்.
பதிவுக்கு விதிமுறை,
விதிமுறைக்கு ஏழு கையெழுத்து.
தம்புச்செட்டித் தெருவில் தட்டச்சு அடிக்கும் திரிபுரசுந்தரி
பழைய நகல் ஒன்றைக் கொடுத்து
"பேரை மட்டும் மாத்திக்குங்க" என்றாள்.
ஏதோ ஒரு விதவைகள் சேமநிதியின் விதிகள்.

அன்றைக்குக் கிரேனில் இரவு ஷிப்ட்.
கப்பல் வரவில்லை.
அறுபதடி உயரத்தில் உட்கார்ந்து
பேரை மாற்றிக்கொண்டே வந்தவன்
ஆறாம் விதிக்குக் கீழே
ஒரு வரி கூட்டி எழுதினேன்:
ஆட்டத்தின் விதிகள் தலைவருக்கும் பொருந்தும்.
நாலே சொல்.
அந்த 'உம்'மை எழுதும்போதுதான்
கை நடுங்கியது.

ராஜா பேனாவை வாங்கி ஒன்றுதான் கேட்டார்.
"எம்பேரு மேல கீதா?"
இருந்தது.
போட்டார்.

பதிவுச் சான்றோடு திரும்புகையில்
பூக்கடைப் பக்கம் கல்லாய் நிற்கும்
அந்த இன்னொரு ராஜாவைப் பார்த்தேன்.
ஒரு டவுனுக்கே அவர் பேர்.
தலையில் காக்கா.

ஐப்பசி, அரையிறுதி, தகரத்தில் மழை.
ஸ்டிரைக்கர் உருண்டு உருண்டு போய்
மூலைக் குழிக்குள் இறங்கிய சத்தம்
எல்லார் காதிலும் விழுந்தது.
"கை வழுக்கி..."
"ஃபைன்ணா" என்றாள் நடுவர் ரஹ்மத்துன்னிசா,
பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்,
குரலை உயர்த்தாமல்.
"ஏழாவது விதி."

அவர் என்னைப் பார்த்தார்.
நான் விளக்கைப் பார்த்தேன்.
எவ்வளவு நேரமோ.
பிறகு தன் காய் ஒன்றை எடுத்து
வட்டத்தின் நடுவில் வைத்தார்.
டொக்.

மறுநாள் விளக்கு இல்லை.
ஹோல்டர் மட்டும் தொங்கியது.

காசு போட்டுப் புது பல்பு மாட்டினோம்.
அதன் கீழேயே உட்கார்ந்து நான்
அவரை நீக்கித் தீர்மானம் எழுதினேன்,
கோபத்தில் பிழை பிழையாய்.
எனக்குப் பின்னால் யார் யாரோ
போடு போடு என்றார்கள்.
ரஹ்மத்துன்னிசா நோட்டைப் புரட்டினாள்.
பதினொன்று: எந்த உறுப்பினரையும்
பதினைந்து நாள் அறிவிப்பின்றி,
அவர் தரப்பைக் கேட்காமல்,
நீக்கக் கூடாது.

அதை நான் எழுதவில்லை.
முகம் தெரியாத விதவைகள் எழுதியது.
பேரை மாற்றினேனே தவிர
நானும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

மூன்று வீடு தள்ளி இருப்பவருக்கு
ராயபுரம் தபால் நிலையத்திலிருந்து
பதிவுத் தபால்.

பதினைந்தாம் நாள் வந்தார்.
கையில் தினத்தாளில் சுற்றிய பல்பு.
சொன்னதை அப்படியே
மினிட் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறேன்:
'விளக்கில் பூச்சி அடைந்திருந்தது.
துடைக்க எடுத்துச் சென்றேன்.'
விளக்கம் ஏற்கப்பட்டது. ஒருவர் எதிர்ப்பு.
அந்த ஒருவர் நான்.

இப்போது போர்டுக்கு மேல் இரண்டு விளக்கு.
ஒவ்வொரு காய்க்கும் இரண்டு நிழல்.
குறி பார்க்கக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது,
எல்லாருக்கும்.